அடுப்பு இன்னும் கப்பலில்

மயிலி என்கிற எருமைக்கு ஒரே குழப்பம். அவள் போடுகிற சாணியெல்லாம் கொட்டிலுக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிற எரிவாயுத் தொட்டிக்குள் போகிறது. அடுப்பு மட்டும் எரிந்தபாடில்லை.

"ஏன் தொட்டியண்ணே, நெருப்பு எப்பத்தான் வரும்?"

"என்னை ஒரு நாடு கொடுத்தது தாயி. குழாய் இன்னொரு நாடு கொடுத்தது. மூணாவது நாட்டு அடுப்பு இன்னும் கப்பல்ல வருதாம். ஆனா எல்லாரும் கைகுலுக்கிப் படம் பிடிச்சாச்சு."

சாணி முழுக்கத் தொட்டிக்குப் போனதால் வரட்டி தட்ட வழியில்லை. வீட்டுக்காரி செல்லக்கிளி, மயிலியின் வைக்கோலை உருவித்தான் உலை வைத்தாள். வைக்கோல் போர் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அரை வயிறு தின்றால் அரைக் கூடைதானே போட முடியும்?

தொட்டி முனகியது. "சாணி வரவரக் குறையுதே தாயி! நேத்து வந்த வெளிநாட்டுக்காரங்களும் என்னைக் குனிஞ்சு பார்த்து எழுதிக்கிட்டாங்க."

"வைக்கோல் அனுப்புறாங்களா?" மயிலி ஆசையாகக் காதை விரித்தாள்.

"எருமை பத்தலையாம். நாலாவது நாட்டுலேருந்து இன்னொரு எருமை வருது."

மயிலி மிச்சமிருந்த போரைப் பார்த்தாள். "அது வந்து எதைத் தின்னும் அண்ணே?"

தொட்டி ஒரு குமிழி விட்டது. "அதை அஞ்சாவது நாடு பார்த்துக்குமோ என்னமோ."

அதற்குள் செல்லக்கிளி இன்னொரு பிடி உருவ வந்துவிட்டாள்.