சீட்டுக்கடியில் ஒரு சுவிச்

“வெளியில தெரியக்கூடாது பாஸ். ஓட்டுற சீட்டுக்கு அடியில வைங்க” என்றான் ராஜலிங்கம்.

அக்குறணையில் வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கும் ஹாஷிம் பாஸ், வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

“கள்ளனுக்குப் பயமா தம்பி?”

“கள்ளன் கேக்காம எடுத்துட்டுப் போயிருவான். கேட்டு எடுக்கிறவங்களுக்குத்தான் பயம்.”

பாஸ் சிரித்தார். ராஜலிங்கம் சிரிக்கவில்லை.

வேன் பழசு. நிறுத்தி வைத்தால் எந்த வயரிலோ கரண்ட் ஒழுகி, காலையில் பெட்டரி செத்துக் கிடக்கும். அதற்குத்தான் இந்தச் சுவிச். குமிழைத் திருகினால் பெட்டரிக்கும் வண்டிக்கும் உறவு அறுந்துவிடும். பெட்டரி நிறைந்தபடியே இருக்கும். வண்டி கல்லாக நிற்கும்.

அந்த இரண்டாவது குணம்தான் அவனுக்குப் பிடித்திருந்தது.

மடுல்கெல்லையில் அவன் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு அந்த ஒரு வேன்தான். பிள்ளைப்பேறோ காய்ச்சலோ, அவன் கதவைத்தான் தட்டுவார்கள். போன மாதம் ஒரு கிழவர் சீட்டிலேயே வாந்தி எடுத்தார். மறுநாள் வாடகை ஹயருக்கு வந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வேன் பிடித்தாள்.

முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. வாய்க்குப் பதிலாகத்தான் சுவிச்.

ஞாயிறு மத்தியானம், கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து காளிமுத்து ஓடி வந்தார்.

“தம்பி, என் பொஞ்சாதி வீரம்மா வெறகுக்குப் போயி வழுக்கி விழுந்துட்டா. கால் வீங்கி நிக்குது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

மறுநாள் அம்பிட்டியவில் கல்யாண ஹயர். அன்றுதான் சீட்டுகளைக் கழுவிக் காயப் போட்டிருந்தான்.

“வாங்கண்ணே” என்று சாவியோடு வேனுக்கு ஓடினான். ஏறி உட்கார்ந்தான். முதல் நாளே திருகி அணைத்திருந்த குமிழைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினான். ஒரு முனகல்கூட இல்லை.

“பெட்டரி செத்துப்போச்சுண்ணே.”

அத்தோடு போய்விடுவார்கள் என்று நினைத்தான். காளிமுத்து லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“டேய், வாங்கடா. தள்ளிப் பாப்போம்.”

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தூறலில், சேற்றில், மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகத் தள்ளினார்கள். வீரம்மா தன் காம்பரா வீட்டு வாசலில் காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு வேனையே பார்த்திருந்தாள். ராஜலிங்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

கடைசியில் அவளைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

“நீங்க என்ன தம்பி செய்வீங்க” என்றார் காளிமுத்து, போகிற போக்கில். “மிசினுக்கு நம்ம கஷ்டம் தெரியுமா?”

திங்கட்கிழமை அவனால் வேனை எடுக்க முடியவில்லை. எடுத்தால் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். கல்யாண வீட்டுக்கு வேறு வேன் பார்க்கும்படி, கடையிலிருந்து டெலிபோனில் சொன்னான். வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை.

“என்ன, முட்டையிடப் போற கோழி மாதிரி உள்ளுக்கும் வெளிக்கும் அலையிறீங்க?” என்றாள் மனைவி சந்திரிகா. சுவிச் விஷயம் அவளுக்கும் தெரியாது.

“நாளைக்குப் பெட்டரியக் கழட்டிட்டுப் போயி சார்ஜ் போட்டா சரியாயிரும்.”

“பெட்டரி சரியாயிரும். நீங்க?”



செவ்வாய் விடியும்போது வேன் பக்கம் இரும்புச் சத்தம் கேட்டது. ஜன்னலால் எட்டிப் பார்த்தான். பூட்டுப் பிடிக்காத இடது கதவு திறந்திருந்தது. அவன் பெட்டரி புல்லில் கிடந்தது.

“யாருடா அது, என் பெட்டரியில கை வைக்கிறது?”

கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். பெட்டரி இருக்கும் இடது சீட்டுக்கடியில் குனிந்திருந்தவர் ஸ்பேனரோடு நிமிர்ந்தார். காளிமுத்து. பக்கத்துக் கல்லில், காலில் பெரிய கட்டோடு வீரம்மா.

“நாங்கதான் தம்பி. தூங்கட்டும்னு எழுப்பல. கல்யாண ஹயரும் போச்சாமே, சந்திரிகா சொல்லுச்சு. அதான் எங்க டிவி பெட்டரிய மாட்டியிருக்கு. நீங்களும் பொழைக்கணுமில்ல. வேற வாங்குற வரைக்கும் இதுலயே கெடக்கட்டும். சாவியப் போடுங்க.”

லயங்களுக்குக் கரண்ட் வராத காலம் அது. கடைத்தெருவில் சார்ஜ் போட்டுத் தோளில் சுமந்துவரும் அந்தப் பெட்டரியில்தான் அக்கம்பக்கமெல்லாம் டிவி பார்க்கும்.

ராஜலிங்கம் ஏறி உட்கார்ந்தான். கையைச் சீட்டுக்கடியில் விட்டால் போதும். ஒரு திருகு. காளிமுத்து கதவைப் பிடித்தபடி, ஆசையோடு அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியைத் திருப்பினான். வேன் மூச்சு விடவில்லை.

காளிமுத்துவின் முகம் வாடியது. வீரம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

“எங்க பெட்டரியிலயும் உசுரில்ல போல. தப்பு என்னோடதுதான் தம்பி. கால் வலியில ராவு தூக்கம் வராம டிவியப் போட்டு வச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”