மூன்று ஜோல்தோஷ்கள்

"பேரைச் சொல்லு ஜான்னா. நீ கூப்பிட்டாத்தானே நிகழ்ச்சி ஆரம்பிக்கும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் தில்ஷாத் கெஞ்சினான். ஜான்னாவின் ஹெட்போனில் மட்டும் அந்தக் குரல் கேட்டது.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் அவள் நடத்தும் பாட்காஸ்டுக்கு 'ஒரு பேர், மூணு பேர்' என்று பெயர். வாரம் ஒரு பெயர். அந்தப் பெயருள்ள மூன்று பேர் வந்து பேசுவார்கள். பிறந்த குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்வதுபோல, அவளும் தொடக்கத்தில் அந்த வாரத்துப் பெயரை மூன்று முறை ராகமாகக் கூப்பிடுவாள். அதைக் கேட்கவே ஒரு கூட்டம் காத்திருக்கும்.

இந்த வாரம் ஜோல்தோஷ். அதுவும் நேரலை. ஆனால் ஜான்னா கூப்பிடவில்லை.

"எல்லாருக்கும் சலாம். இன்னைக்கு வந்திருக்கிறவங்க பேரை அவங்களே சொல்லுவாங்க," என்றாள் சிரித்தபடி. "முதல்ல மல்யுத்த அண்ணே."

"ஜோல்தோஷ். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு மல்யுத்தம் சொல்லித் தர்றேன்," என்றார் எதிரே இருந்த அகன்ற தோள்காரர்.

"அடுத்து தேன் அண்ணே."

"நானும் ஜோல்தோஷ்தான். தேனீ வளர்க்கிறேன். அவரு தூக்கிப் போட்டா முதுகு வீங்கும். என் ஆளுங்க கொட்டினா முகம் வீங்கும். மத்தபடி ரெண்டு பேருக்கும் வித்தியாசமில்லை."

மூன்றாமவர் தொலைபேசியில் இருந்தார். 'ஜோல்தோஷ்கள் தேவை' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தானாகவே கூப்பிட்ட மலைப்பக்கத்துப் பெரியவர்.

"எனக்கும் அதே பேருதான். குதிரை வளர்க்கிறேன்," என்றது கரகரத்த குரல். "ஒரு சந்தேகம் பொண்ணு. போன வாரம் வந்தவங்க பேரைப் பாட்டு மாதிரிக் கூப்பிட்டியே. எங்க பேருக்கு மட்டும் உனக்கு வாய் வரலையா?"

"முதல்ல உங்க குதிரைங்க பேரைச் சொல்லுங்க ஐயா. ஒவ்வொண்ணாக் கூப்பிடுறேன்."

"குதிரையைக் கூப்பிடுவ, என்னைக் கூப்பிட மாட்ட. நல்ல நியாயம்."

பேச்சு களைகட்டியது. மூவரும் ஒருவரை ஒருவர் ஜோல்தோஷ் என்று அழைத்துச் சீண்டிக்கொண்டார்கள். ஜான்னா மட்டும் மல்யுத்தம், தேன், குதிரை என்றே சமாளித்தாள். திரையில் 'பேரைக் கூப்பிடு' என்று செய்திகள் குவிந்தன.

"கேட்கிறவங்க கலைஞ்சுட்டிருக்காங்க. ஒரே ஒரு தடவை சொல்லேன், தாயே," என்றான் தில்ஷாத்.

அவள் மெல்லத் தலையாட்டி மறுத்தாள்.

மல்யுத்தக்காரர் அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவக்க ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்களைப் பறிகொடுத்துட்டு, இவனாவது கடைசிவரைக்கும் வழித்துணையா வரட்டும்னு எங்கப்பா வெச்ச பேரு இது. உனக்கு அது சொல்லக் கூசுதுன்னா நான் கிளம்பறேன்மா."

ஜான்னா பதறி எழுந்தாள்.

"உட்காருங்க அண்ணே. கூசலை. அது என் மாமனார் பேரு. மருமக அதை வாயால சொல்லக் கூடாதில்லையா?"

தேன்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அட, கிர்கிஸ் பொண்ணா இருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன். கொரியக்காரப் பொண்ணு, ஜீன்ஸ் போட்டு உக்காந்திருக்கே, இதெல்லாம் உனக்கெங்கே தெரியும்னு இருந்துட்டேன். என் மருமகளே என் பேரைச் சொல்லித்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிடுறா."

மல்யுத்தக்காரர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். "மன்னிச்சிடு தங்கச்சி. உன் மாமனார் கொடுத்து வெச்சவரு."

"அவர் என்னைப் பார்த்ததே இல்லைண்ணே. நானும் அவர் குரலைக்கூடக் கேட்டதில்லை. வேற இனத்துப் பொண்ணுக்கு நம்ம மரியாதை தெரியாதுன்னு கல்யாணத்துக்கு வரலை."

"இதைக் கேட்டாவது மனசு மாறட்டும்."

"அவர் எங்கே கேட்கப் போறார்? பாட்காஸ்ட்டெல்லாம் வெட்டிப் பேச்சுன்னு சொல்வாராம்."

தொலைபேசிக் குரல் குறுக்கிட்டது. "கேட்கவே மாட்டாருன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன? சும்மா சொல்லிட்டுப் போ. யாரு போய் அவர்கிட்ட வத்தி வைக்கப் போறாங்க?"

"காதுல விழறப்போ மட்டும் காட்டினா அது மரியாதை இல்லை ஐயா, பயம்," என்றாள் ஜான்னா. "அவர் கேட்கலைன்னாலும் ஆண்டவன் கேட்டுட்டிருக்கான். அதோட, என் வீட்டுக்காரர் பஸ்ஸில கிழவிங்க ஏறினா முதல் ஆளா எழுந்து இடம் கொடுப்பார். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவரு. அந்த நன்றிக்கு நான் வேற என்ன செய்ய முடியும்?"

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று தில்ஷாத் அவசரமாகப் பொத்தான்களைத் தட்டினான்.

"குதிரை ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றது குரல். கரகரப்பு கொஞ்சம் குழைந்திருந்தது. "இங்க என் பெண்டாட்டி கையில வெள்ளை முக்காட்டை வெச்சுக்கிட்டு, இதை மருமக தலையில போட்டு உள்ளே கூப்பிடறது எப்போன்னு அழுதுட்டிருக்கா. நம்ம பிள்ளை எர்மெக்கையும் கூட்டிக்கிட்டுச் சீக்கிரம் வீடு வந்து சேரு, மருமகளே."