வெளியாள்

"பங்காளி நான் ஒருத்தன் உசுரோட கீறேன். என்னைக் கேக்காம வெளியாளுக்கு வெல பேசறியா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார் அரிகிருஷ்ணன். உள்ளே அவருடைய தம்பி மனைவி செல்லியம்மாளும், தாம்பரத்து நிலத் தரகர் சிட்டிபாபுவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செல்லியம்மாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். "கேக்காம இன்னா மாமா? பொங்கல் முடிஞ்சதுமே வந்து கேட்டேனே. 'எனக்கு எதுக்கு அந்த மேட்டு நெலம்'னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்போ வாணாம். இப்போ வேணும்."

மேடவாக்கம் ஏரிக்கு அப்பால், அரிகிருஷ்ணன் வீட்டை ஒட்டி இருந்த அந்த நிலம், அவருடைய அப்பா விட்டுப்போனது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கவே இல்லை. தம்பி படுக்கையில் கிடந்து இறந்துபோனான். வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் செல்லியம்மாள் தன் பாதியை விற்கத் துணிந்தாள்.

சிட்டிபாபு மெல்லக் குறுக்கிட்டார். "அண்ணே, வாங்கறவங்க நல்ல ஜனங்க. புருசன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. சின்னதா ஒரு வூடு கட்டிக்கினு அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. உங்களுக்கு ஒரு பேஜாரும் இல்ல."

"எவ்ளோ நல்லவனா இருந்தா எனக்கின்னா? வெளியாளு வெளியாளுதான். என் அப்பன் ஏர் ஓட்டின மண்ணுல கண்டவனும் காலை வெக்க வுட மாட்டேன். அவன் குடுக்கற அதே வெலைய நான் தரேன்."

செல்லியம்மாள் தாம்பரம் கோர்ட்டுக்குப் போய் வக்கீலைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பரம்பரைச் சொத்தும்மா. ரெண்டு பேருக்கும் சேர்த்து வந்தது. கூடப் பங்கு இருக்கறவர் அதே விலைக்கு வாங்கறேன்னு நின்னா, முதல் உரிமை அவருக்குத்தான். கேஸ் போட்டாலும் அவர்தான் ஜெயிப்பார்."

வாங்க வந்தவர்களும் லேசில் விடவில்லை. விலையை ஏற்றிப் பார்த்தார்கள். அரிகிருஷ்ணனும் ஏற்றினார். கடைசியில் கையில் பணம் போதாமல், ஏரிப் பாசனத்தில் இருந்த தன் நஞ்சையை மனை போடுகிறவனுக்கு விற்றார்.

அவர் மனைவி பொன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சோறு போடற நெலத்த வித்துட்டு, கருவேல முள்ளு மொளைக்கிற நெலத்த வாங்கறியே. உனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"உனக்கு ஒண்ணும் புரியாது. வாய மூடு."

ஆனால் டீக்கடையில் அவருக்கு நல்ல பெயர். "இந்தக் காலத்துல எவன் இப்டி கீறான்? செத்துப்போன தம்பி பங்க வெளிய போவ வுடாம காப்பாத்திகினாரே" என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவர் மீசையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரம் பதிவான அன்று, சார்பதிவாளர் ஆபீஸ் வராந்தாவில் செல்லியம்மாள் கட்டைவிரல் மையைச் சுவரில் தேய்த்தபடி நின்றாள். மை போகவில்லை. அவள் கண்களில் நீர் முட்டியது.

"மாமா, இனிமே மறைச்சி இன்னா ஆவப் போவுது? வாங்க வந்தது வெளியாளு இல்ல. நம்ம ஜீவா."

"யாரு?" கூட வந்திருந்த பொன்னியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஜீவாவா? எம்பொண்ணா?"

ஜீவரத்தினம் அவர்களுடைய ஒரே மகள். குரோம்பேட்டையில் மெக்கானிக்காக இருந்த சவுரிமுத்துவைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கக்கூட அரிகிருஷ்ணன் விட்டதில்லை.

"ஆமாக்கா. இருந்த நகையெல்லாம் வித்து எடுத்துகினு வந்தா. 'அப்பா பேச வாணாம் சித்தி. வேலிக்கு இந்தாண்ட நின்னு அவரையும் அம்மாவையும் தெனம் ஒருவாட்டி பாத்துகினா போதும். எம்புள்ளைங்களுக்கு, அதோ போறாரே அவர்தான் உங்க தாத்தான்னு காட்டினா போதும்'னு அழுதா."

பொன்னியம்மாள் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செல்லியம்மாள் அரிகிருஷ்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட சொன்னா கோவத்துல காரியத்த கெடுத்துடுவீங்கன்னு பயந்து பேர மறைச்சேன் மாமா. தப்பு என்னுதுதான். பெத்த பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா ஒருவேளை மனசு எறங்கி வுட்டுக் குடுத்திருப்பீங்க."

அரிகிருஷ்ணன் பதிவு ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவ புள்ளைங்கள இட்டுகினு நெலத்த பாக்க வந்தாளே, அன்னிக்கே நான் பாத்துட்டேன்" என்றார் நிதானமாக. "வேற எவனாவது வந்திருந்தா, வாங்கிக்கினு போடான்னு வுட்டிருப்பேன்."