வாயாடி

"இன்னிக்கு நீங்க வாயைத் திறந்தா, மணி அடிச்சு ஆட்டத்தையே நிறுத்திடுவேன்."

முதலாளி இதே வார்த்தைகளைத்தான் சொன்னாரா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்த மல்யுத்த அரங்கில் மணி அடிப்பவன் நான்.

உடை மாற்றும் அறையில் வாயாடி மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, பழைய கரடி முகமூடியில் விட்டுப்போன தையலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

முப்பது வருடத் தொழிலில் மூன்று ஆளாக வாழ்ந்தவர் அவர். முதலில் ஊமைக்கரடி. முகமூடியோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து நின்றாலே முன்வரிசைக் குழந்தைகள் அழும். பிறகு கிரீடம் வைத்த மகாராஜா. அந்த நாளுக்கு மூன்று வருடம் முன்பு, யாரும் கேட்காமல், தானாகவே வாயாடி ஆனார். அன்றிலிருந்து தங்கத்தம்பியைத் தவிர வேறு யாரோடும் மோத அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கத்தம்பி ஜனங்களின் செல்லப்பிள்ளை. இரண்டு பக்கமும் குழந்தைகள் கையைப் பிடித்து அழைத்துவர, சிரித்துக்கொண்டே மேடை ஏறுவார். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதான். விழுகிற அடி மட்டும் நிஜம். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் எதிரிகளாக இருப்பவர்கள் வெளியே சேர்ந்து ஒரு டீகூடக் குடிக்கக் கூடாது. இருவரும் அதை மீறி நான் பார்த்ததில்லை.

மேடையில் மட்டும் வாயாடி ஓய மாட்டார். "இந்தப் பக்கம் வாடா, பயந்தாங்கொள்ளி. என் இடது கையைப் பிடிச்சிடுவியா நீ? பின்னாடி கயிறு இருக்கு, சாஞ்சுக்கோ கிழவா." கூட்டம் அவரைத் திட்டித் தீர்க்கும். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்காது. எனக்குப் பிடித்தது கரடியின் மௌனம்.

அன்று இருவருக்கும் கடைசி ஆட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் பழைய ஊமைக்கரடிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வந்த மாதிரியே போவதுதான் அழகு என்று முதலாளி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பாதியில் நிறுத்தினால் ஜனங்கள் கூச்சல் போட்டுத்தான் அனுப்புவார்கள், முப்பது வருட மரியாதை ஒரே நாளில் போய்விடும் என்றும் சொன்னார்.

வாயாடி பட்டையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். "நான் பேசினாத்தான் ஆட்டம் நல்லா வரும் முதலாளி."

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்."

அவர் மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுல இவர் வாயைத் திறக்கறதே சாப்பிடத்தான். இருக்கற பேச்சையெல்லாம் உங்க மேடைக்குக் குடுத்துட்டாரு. எங்கிட்ட ஏது மிச்சம்?"

வாயாடி முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "மேடையில பார்த்துக்கலாம்" என்றார். பயந்தவர் குரல் இல்லை அது.

கரடியைக் கண்டதும் கூட்டம் எழுந்து நின்றது. எதிர் மூலையில் தங்கத்தம்பியைக் குழந்தைகள் கொண்டுவந்து விட்டுவிட்டு இறங்கினார்கள். நான் தொடக்க மணியை அடித்தேன்.

தங்கத்தம்பி மூலையை விட்டு நகரவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றார். பழைய எதிரிக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். கரடி காலைத் தூக்கி மேடைப் பலகையை ஓங்கி மிதித்தது. ஒருமுறை, இன்னொரு முறை. கைதட்டலில் எனக்கே அது கேட்கவில்லை.

கரடி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு முகமூடியைக் கழற்றி என் மேசைமேல் எறிந்தது.

"இங்கடா. உன் மூக்குக்கு நேரா நிக்கறேன். வாடா என் தங்கம்."

முதலாளி கையை உயர்த்தினார். நான் சுத்தியலை எடுத்துவிட்டேன். அப்போதுதான் தங்கத்தம்பியின் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்கு வீட்டு ஆள் குரல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். முதலாளி கத்தியிருப்பார். என் காதில் விழவில்லை.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பிடி, எறிதல், எழுதல் எல்லாம் தண்ணீர் ஓடுவதுபோல் நடந்தன. கடைசியில் வாயாடி மல்லாந்து விழுந்தார். தங்கத்தம்பி மூலைக் கம்பத்தின்மேல் ஏறி நின்றார். விழுந்து கிடந்தும் வாயாடி வாயை மூடவில்லை.

"கால் நடுங்குதா? தைரியம் இருந்தா குதிடா. நேரா கீழதான் படுத்திருக்கேன், எங்கயும் ஓடிடல."

கூட்டம் சிரித்தது. தங்கத்தம்பி குதித்தார். நடுவர் மூன்று எண்ணினார். திட்டித் தீர்த்த ஜனங்களே வாயாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. முதலாளி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மணி என்னிடம்தான் இருக்கிறது. வாயாடியின் மனைவி முகமூடியைப் பிரித்துத் தலையணை உறை தைத்துவிட்டாராம். போன மாதம் ஒரு மருத்துவமனை மாடிப்படியில் அந்தக் குரலைக் கேட்டு நின்றேன்.

"காலைத் தூக்கி வைடா சோம்பேறி. இன்னும் ஒரே படி. வலது பக்கம் கம்பி இருக்கு, பிடிச்சுக்கோ கிழவா."

வெள்ளைக் கைத்தடியோடு மேலே வந்த தங்கத்தம்பி, நான் கூப்பிட்டதும் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தனக்குப் பார்வை போய் நான்கு வருடமாகிறது என்றார்.