சுண்ணாம்புக் கை

பதினேழாவது வளைவில் என் சைக்கிள் ஏறக்குறைய நின்றேவிட்டது. தடுப்புச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பெண் மட்டைத் தூரிகையைப் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்து என் முதுகில் வைத்தாள்.

“விழுந்துராதீங்க சார். மிதிங்க, நான் தள்ளுறேன்.”

கால் ஊன்றாமல் மலையேறியவன்தான் இறக்கத்தில் முன்னால் போகவேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். மூன்று நாளாக நான்தான் கடைசி. இரண்டு வளைவுகள் தள்ளினாள். அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. உச்சியில் நண்பர்களின் பேச்சுக்குரல் கேட்டதும், “போதும், கையை எடும்மா. மேல ஆளுங்க இருக்காங்க” என்றேன். உடனே எடுத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“கால் ஊனுனியா?” என்று தினகர் கேட்டான்.

“இல்ல.”

அது பொய்யும் இல்லை. மற்ற எல்லாரும் எங்காவது ஓரிடத்தில் ஊன்றியிருந்தார்கள். பதினோரு பேரும் கைதட்டி எனக்கு வழிவிட்டார்கள்.

முப்பது கிலோமீட்டர் இறக்கம். வெயில் முதுகில் பட நான் முன்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து பேச்சே வரவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடிவாரத்து விடுதியில் குளிப்பதற்காகக் கறுப்புச் சட்டையைக் கழற்றினேன். ஈரத்தில் தெரியாதிருந்த சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. முதுகின் நடுவே ஐந்து விரலும் விரிந்த ஒரு சின்னக் கை.

வெளியே தினகர் கதவைத் தட்டினான்.

“நாளைக்கும் நீயே முன்னால போடா.”