கிறகரி அண்ணையின் கஞ்சத்தனம்

கிறகரி அண்ணையைப் போல ஒரு கசவாரத்தை யதுர்ஷன் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

தை மாதத்தில் மொன்ட்ரியல் குளிர் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் குளிரிலும் மனிதர், யதுர்ஷன் சமையல் வேலை செய்த தன் சாப்பாட்டுக் கடையில் ஹீட்டரைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். மேசை கதிரைகளை அகற்றிவிட்டு, பார்சல் கட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். பெரிய ஃபிரீசரை யாருக்கோ தள்ளிவிட்டார்.

கார்த்திகையில் மற்றச் சமையல்காரர் விலகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார் என்று பார்த்தால், மனைவி மாக்கிரட் அக்காவைக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்தினார்.

அக்காவுக்கு இரண்டு முழங்காலிலும் வருத்தம். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றபடிதான் ரொட்டி தட்டுவார். மார்கழியில் கல்கரியில் மகள் றொஷினிக்குப் பிள்ளை பிறந்தது. அதைப் பார்க்கக்கூட அக்கா போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பேந்து கடையை ஆர் பாக்கிறது?" என்று சொல்லிவிட்டு அண்ணை வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

யதுர்ஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சனம் கூடி நிற்கும்போது அவன் வாய் சும்மா இருக்காது.

"மனுசி விழுந்தாலும் பரவாயில்லை, இன்னொரு ஆளுக்குச் சம்பளம் குடுக்க மாட்டார்" என்று அவன் சொல்ல, கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். நன்றாக வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எப்போது கழன்றுகொள்வோம் என்றிருந்தது அவனுக்கு. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்கிற ஒரு சமையல்கூடம் அவனை எடுக்கச் சம்மதித்து, போன பங்குனியிலேயே விசா மாற்ற விண்ணப்பித்திருந்தது. அங்கே போனால்தான் மன்னாரில் இருக்கும் மனைவி ஜென்சியையும் மகளையும் கூப்பிட வழி பிறக்கும்.

ஆனால் முதலில் கியூபெக் மாகாண அரசு ஒரு பேப்பர் தர வேண்டும். அதற்குப் பிறகு ஒட்டாவாவில் மத்திய அரசு ஒன்று தர வேண்டும். இரண்டு பேருக்கும் அவசரமில்லை. ஃபோன் எடுத்தால் முக்கால் மணி நேரம் பாட்டுப் போடுவார்கள், பிறகு பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள்.

இதற்கிடையில் ஆவணியோடு பழைய விசாவும் முடிந்துவிட்டது. புதியது வரும்வரை பழைய முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். கிறகரி அண்ணை வேண்டாம் என்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே டோர்வல் வேலையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பேப்பர் கையில் வரும்வரை ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக் கூடாது, நாவூறு பட்டுவிடும் என்று ஜென்சியும் ஃபோனில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணை மட்டும் கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

"ஏதும் புதினமோ, தம்பி?"

"ஒண்டுமில்லை அண்ணை."

மனிதர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பால் போவார். மோப்பம் பிடிக்கிறார் என்று யதுர்ஷன் உஷாராகிவிடுவான்.

பதினோராவது மாதம், மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விசா வந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போனான். இவ்வளவு நாள் மறைத்ததை இனி எந்த முகத்தோடு சொல்வது? அம்மாவுக்குச் சுகமில்லை, ஊருக்குப் போகிறேன், இனி வேலைக்கு வர ஏலாது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

ஆளில்லாத நேரத்தில் கழுத்தை அறுக்கிறாயா என்று அண்ணை பாய்வார் என எதிர்பார்த்தான். அவரோ கையைத் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, போயிட்டு வாரும். அம்மாவை வடிவாப் பாரும்" என்றார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு கடையின் முன்பக்கம் போய்விட்டார்.

மாக்கிரட் அக்கா அடுப்பை அணைத்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழங்கால்களை நீவிக்கொண்டார்.

"டோர்வல்ல எப்ப தொடங்கிறீர்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?" என்று யதுர்ஷன் கேட்டான்.

டோர்வல்காரர்கள் விண்ணப்பம் போட்ட கிழமையே இங்கே ஃபோன் பண்ணி அவனைப் பற்றி விசாரித்தார்களாம். இப்படி ஒரு வேலைக்காரன் கிடைக்க மாட்டான் என்று அண்ணைதான் சொன்னாராம். பெடியன் தானாகச் சொல்லும்வரை நாங்கள் கேட்கக் கூடாது என்று அக்காவுக்கும் சொல்லி வைத்திருந்தாராம்.

கோயில் வாசலில் தான் பேசிய ஒவ்வொரு பேச்சும் அவனுக்கு நினைவு வந்தது. அதைக் கேட்டு நின்றுபோன வாடிக்கையாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றான்.

முன்பக்கத்திலிருந்து அண்ணையின் குரல் கேட்டது. இந்த மாதக் கடைசியில் சாவியைத் தந்துவிடுகிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணை கடையைக் குடுக்கப் போறாரோ?"

"ஐப்பசியிலயே குடுக்க இருந்தது, தம்பி. கடையைப் பூட்டினால் உமக்கு நிண்டு வேலை செய்ய வேற இடமில்லை, பேப்பர் வரட்டும் எண்டு இவர்தான் இழுத்துக்கொண்டு இருந்தவர்."