கீழ்மூலையில் ஒரு பெயர்

"முதல்ல அந்த ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லுங்கய்யா. உள்ளே அவர் படுத்திருக்கார்."

வேட்பாளர் கையைக் காட்டினார். வாசலில் நின்ற பிரசார வண்டி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அந்தத் தெருவில் அன்று திறந்த ஒரே கதவு அதுதான். பக்கத்து வீட்டில் கதவைத் தட்டத் தட்ட, டிவி சத்தத்தைத்தான் கூட்டினார்கள். பெயின்டரின் மனைவி மட்டும் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். குடித்த பிறகுதான் தனக்கு எவ்வளவு தாகம் என்பது வேட்பாளருக்கே தெரிந்தது.

"பெயின்டர் நம்ம ஆளாச்சே! போன தேர்தல்ல தொகுதி முழுக்கச் சுவரெழுத்து அவர்தானே. உடம்பு சரியில்லையாம்மா?"

"ரொம்ப நாளாவே சரியில்லைங்க."

"நான் வந்திருக்கேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"பேச வேண்டாங்கய்யா. எனக்கு ஒரு உதவி செஞ்சாப் போதும்."

கூட வந்திருந்த கட்சிச் செயலாளர் வேட்பாளரின் காதருகே குனிந்தார். "எதுவானாலும் ஆகட்டும்னு சொல்லிட்டுக் கிளம்புங்கண்ணே."

அது அவள் காதிலும் விழுந்தது. "ஆகட்டும்னு சொல்லிட்டுப் போற விஷயம் இல்லை தம்பி. இப்பவே செய்யணும்."

அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் ஒரு கறுப்பு டப்பாவையும் எடுத்து வைத்தாள்.

"தெருமுனைச் சுவர்ல 'தண்டவாளத்துக்கு மேல் பாலம் வரும்'னு எழுதியிருக்கே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? தெருவுக்கும் கடைவீதிக்கும் குறுக்கே ரயில் பாதை. பாலம் கட்டித் தருவதாகச் சொல்லித்தான் அவர் ஜெயித்தார். பாலம் வரவில்லை. நிலம், நிதி, மேலிடம் என்று காரணங்களுக்கு மட்டும் குறைவில்லை.

"எந்தச் சுவர்ல எழுதினாலும் கீழ்மூலையில தன் பேரைப் போடறது இவங்க தொழில் வழக்கம். இந்தத் தெரு ஜனங்க அதை உத்தரவாதமா எடுத்துக்கிட்டாங்க. 'கட்சிக்காரன் சொல்லுவான், போவான். நம்ம பெயின்டரே பேர் போட்டிருக்காரே'ன்னு நம்பி ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் ஒரு மழைநாள்ல, இஸ்திரிக்காரர் துணி மூட்டையோட தண்டவாளத்தைத் தாண்டறப்போ ரயில் வந்து..."



"அதுக்காக உங்க வீட்டுக்காரரைத் திட்டினாங்களா?"

"திட்டியிருந்தாத் தேவலைங்க. யாரும் ஒரு சொல் சொல்லலை. இஸ்திரிக்காரர் சம்சாரம், இவர் சாப்பிடறதில்லைன்னு கேள்விப்பட்டு, தானே சமைச்சு எடுத்துட்டு வந்தா. அதுதான் இவருக்குத் தாங்கலை. அன்னிக்குக் கீழே வெச்ச பிரஷ்ஷை அப்புறம் தொடவே இல்லை. எங்கே போகணும்னாலும் அந்தச் சுவரைத் தாண்டணுமே, வாசப்படி இறங்கறதையே விட்டுட்டார்."

"அதுமேல வெள்ளையடிச்சிருக்கலாமேம்மா?"

"தப்பை நானே மூடி மறைச்ச மாதிரி ஆகும்னுட்டார். நீங்க சொல்றதை எதிர்க்கட்சிக்காரன் எங்கேய்யா நம்பறான்? உங்க ஆளுதான் நம்பறான். பொய்யாப் போனா அடி அவனுக்குத்தான். அவர் பேரை நீங்க அழிக்கணும். அந்த இடத்துல உங்க பேரை நீங்களே எழுதணும்."

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வராத பாலத்துக்குக் கீழே உங்க பேரா? வேற வினையே வேண்டாம்ணே! எதிராளி படம் எடுத்து ஊரெல்லாம் ஒட்டிடுவான்."

அவள் கெஞ்சவில்லை. பிரஷ்ஷை நீட்டியபடி நின்றாள். இத்தனை வருஷ அரசியலில் அவரிடம் மனு நீட்டியவர்கள் எத்தனையோ பேர். பிரஷ்ஷை நீட்டியவர் யாருமில்லை. குடித்த தண்ணீர் இன்னும் தொண்டையில் குளிர்ந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொண்டார்.

தெருமுனையில் அவர் குந்தி உட்கார்ந்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு கதவுகள். பெயின்ட் டப்பா ஒரு கல்லின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிக்காரரின் மனைவி.

"இன்னொரு தடவை பூசுங்க. அண்ணன் பேரு லேசாத் தெரியுது" என்றாள்.

வெள்ளைக்கு மேல் கறுப்பில் எழுதினார். பிரஷ் பிடித்துப் பழக்கமில்லாததால் எழுத்துக்கள் கோணிக்கொண்டு போயின.

"பாலம்தான் வரலை, எழுத்தாவது நேரா வரக் கூடாதா?" என்றது ஒரு குரல். யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

வேட்பாளர் எழுந்து திரும்பினார். மைக் இல்லாமல் பேசுவது அவருக்கே புதிதாக இருந்தது. "சொன்னது நான். செய்யாதது நான். பெயின்டர் மேல ஒரு தப்பும் இல்லை."

"அவர் மேல தப்புன்னு யாருய்யா சொன்னா?" என்ற இஸ்திரிக்காரரின் மனைவி, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செயலாளரின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "கூட்டம் நம்ம பக்கம் திரும்புதுண்ணே! பெயின்டரைக் கையோட கூட்டிட்டு வந்து, சுவர் முன்னால நிறுத்தி ஒரு படம் எடுத்துடுவோம்."

வேட்பாளர் அதைக் காதில் வாங்கவில்லை. மனசு லேசாகியிருந்தது. "அம்மா, இனிமே அவர் இந்த வழியாத் தலைநிமிர்ந்து வரலாம். போய்க் கூட்டிட்டு வாங்க."

அவள் சுவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, கூடியிருந்த தெரு ஜனங்களின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"'அந்தச் சுவர்ல என் பேரு இருக்கிறவரைக்கும் என்னை அந்த வழியா எடுத்துட்டுப் போகாதே'ன்னு சொல்லிட்டு, விடியக்காலையில கண்ணை மூடிட்டார். நாலு பேர் வந்து தோள் குடுங்கய்யா."